கீழே இறங்கிப் படிப்பதா, மலையிலிருந்தே படிப்பதா? சைபர் செக்யூரிட்டி முதுநிலைக்கு நான்கு வழிகள்

கடைசி செமஸ்டர் நெருங்கும்போது கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, சைபர் செக்யூரிட்டியில மேல படிக்கணும். கோயம்புத்தூர் போகட்டுமா, இங்கயே இருந்து ஆன்லைன்ல படிக்கட்டுமா?" கேட்பவர்களில் பாதிப் பேர் பி.சி.ஏ. அல்லது பி.எஸ்சி. முடித்தவர்கள். மீதிப் பேர் கீழே பி.இ. முடித்துவிட்டு மேலே வந்தவர்கள். பல வீடுகளில் வருமானம் பச்சைத் தேயிலை விலையை நம்பி இருக்கிறது. அதனால் "எது நல்ல படிப்பு" என்று மட்டும் பார்த்துப் பதில் சொல்லிவிட முடியாது. இரண்டு வருடமும் சில லட்சமும் போகிற காரியம் இது. நான் நெட்வொர்க் வேலையில் இருப்பவன், இந்த மலைக்காரன். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

பட்டத்தின் பெயரில் "சைபர் செக்யூரிட்டி" இருக்கிறதா என்று பார்ப்பதை முதலில் விடுங்கள். இந்தத் துறை நிற்பது இரண்டு பழைய பாடங்களின் மேல்: ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க். அவை இரண்டும் கைக்குள் வராதவருக்கு மேலே கட்டுகிற எதுவும் நிற்காது.

இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. 2016-ல் வெளியே தெரியவந்த 'டர்ட்டி கவ்' என்ற லினக்ஸ் பாதுகாப்பு ஓட்டை கர்னலில், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியில், 2007 முதலே இருந்தது. நினைவகப் பக்கத்தை நகலெடுக்கும்போது இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்திக்கொள்வதால் வந்த பிழை அது. சாதாரணப் பயனர் ஒருவர் அதை வைத்து எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக, அதாவது ரூட் ஆகிவிடலாம். சிஸ்டம் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் வர்ச்சுவல் மெமரி பாடத்தை ஒழுங்காகப் படிக்காதவருக்கு அந்த ஓட்டையின் விளக்கம் ஒரு வரிகூடப் புரியாது. 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ ஒளித்து வைத்த பின்வாசல் பிடிபட்டதும் அப்படித்தான். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரஸ் தரவுத்தள டெவலப்பர், தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் போகும் எஸ்.எஸ்.எச். உள்நுழைவு வழக்கத்தை விட அரை விநாடி இழுக்கிறதே என்று நோண்டிப் பார்த்ததால் அது வெளியே வந்தது. அவர் பாதுகாப்பு நிபுணர் என்ற அடையாளத்தோடு அதைத் தேடவில்லை. சிஸ்டம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இதை மனதில் வைத்து நான் பார்க்கும் அளவுகோல்கள் ஐந்து.

லேப். நீங்களே உடைத்து, நீங்களே சரிசெய்ய உங்கள் கைக்கு ஒரு மெஷினும் ஒரு நெட்வொர்க்கும் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? மற்ற நான்கை விட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன்.

மொத்தச் செலவு. கட்டணம் மட்டுமல்ல. ஹாஸ்டல், சாப்பாடு, பஸ், லேப்டாப், அப்புறம் அந்த இரண்டு வருடத்தில் வராமல் போகும் சம்பளம்.

பட்டம் எங்கே செல்லும். நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு, கல்லூரி வேலை, பிஎச்.டி., அரசு வேலை என்று பின்னால் எது வேண்டுமானாலும் தேவைப்படலாம்.

கூடப் படிப்பவர்கள். இந்தத் துறையில் பாதிப் படிப்பு பக்கத்து நாற்காலியிலிருந்து வருகிறது.

மலை. கரண்ட், ஃபைபர், மழை, ரோடு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கொடைக்கானல்காரர்களுக்கு 2018 நவம்பர் கஜா புயலும் அதற்குப் பின் விழுந்துகிடந்த மரங்களும் நினைவிருக்கும். அவ்வளவு பெரிதாக ஒன்றும் நடக்காத வருடத்திலும் ஒரு கற்பூர மரம் ஃபைபர் மேல் விழுந்தால் போதும், இரண்டு நாள் போய்விடும்.

நான்கு வழிகளையும் ஒரு பார்வையில் பார்க்க (கேட் அகில இந்திய அளவிலான நுழைவுத்தேர்வு; சீட்டா, டான்செட் இரண்டும் தமிழ்நாட்டு முதுநிலை நுழைவுத்தேர்வுகள்; சி-கேட் வேறு, அது சி-டாக் நிறுவனத்தின் டிப்ளமோவுக்கான தேர்வு):

| | எம்.இ. / எம்.டெக். | எம்.சி.ஏ. / எம்.எஸ்சி. | தொலைநிலை, இணையவழி | டிப்ளமோ, சான்றிதழ், வேலை |
|---|---|---|---|---|
| காலம் | 2 ஆண்டு | 2 ஆண்டு | 2 ஆண்டும் அதற்கு மேலும் | 6 மாதம் முதல் |
| நுழைவு | கேட், சீட்டா | டான்செட், கல்லூரியின் நேரடிச் சேர்க்கை | பெரும்பாலும் நுழைவுத்தேர்வு இல்லை | சி-கேட் அல்லது எதுவும் இல்லை |
| பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர் | நேரடியாக முடியாது | முடியும் | முடியும் | படிப்பைப் பொறுத்தது |
| லேப் | நல்ல இடத்தில் மிக நன்று | இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம் | உங்கள் வீடுதான் | டிப்ளமோவில் நன்று |
| செலவு | கேட் இருந்தால் குறைவு | நடுத்தரம் | ஐம்பதாயிரம் முதல் பல லட்சம் வரை | ஒரு லட்சம் சுற்றி, சான்றிதழ் தனி |
| மலையில் இருந்தபடி | முடியாது | சில இடங்களில் | முடியும் | ஓரளவு |

## வழி 1: கீழே இறங்கி எம்.இ., எம்.டெக்.

பி.இ., பி.டெக். முடித்தவர்களுக்கும், எம்.சி.ஏ. முடித்து இன்னும் மேலே போக நினைப்பவர்களுக்குமான வழி இது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ. சேர்க்கைக்கு 2023 முதல் சீட்டா தேர்வு இருக்கிறது. அதற்கு மேல் கேட்.

இங்கே கேட் மதிப்பெண்தான் முழுக் கணக்கையும் மாற்றுகிறது. கேட் தகுதியோடு, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி பெற்ற கல்லூரியில் முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியின் ஹாஸ்டலில் அந்தப் பணத்தில் மாதத்தை ஓட்டிவிடலாம். சீட்டா மதிப்பெண்ணில் சேர்பவருக்கு அது கிடையாது. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேரில் ஒருவர் வீட்டுக்குச் செலவில்லாமலும், மற்றவர் அப்பாவின் கடனிலும் படிப்பார். கேட் கணினித் தேர்வில் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் நெட்வொர்க்கும் பாடப்பகுதிகள். ஆகவே அதற்காகப் படிப்பது எதுவும் வீணாகப் போவதில்லை. மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். இளநிலை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், பி.எஸ்சி. படிப்பவர்கள் உட்பட; அவர்களுக்கு அது எம்.சி.ஏ. முடித்து மேலே போகும்போது உதவும். நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கோவையிலேயே பார்த்தால், எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழகத்தில் சைபர் செக்யூரிட்டிக்கென்றே எம்.டெக். பல ஆண்டுகளாக இருக்கிறது. தனியார் நிகர்நிலை என்பதால் கட்டணம் அரசுக் கல்லூரியை விடப் பல மடங்கு. எட்டிமடை கோவையின் மறுகோடி. மேட்டுப்பாளையத்தில் இறங்கி முழு ஊரையும் கடந்து போக வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அவ்வளவு கட்ட முடியாதவர்கள் பி.எஸ்.ஜி. டெக் போன்ற இடத்தில் சாதாரண எம்.இ. கணினி அறிவியல் சேர்ந்து, விருப்பப் பாடங்களையும் ப்ராஜெக்டையும் பாதுகாப்புப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். நான் இதைக் குறைவாகவே நினைக்கவில்லை. கணினி அறிவியல் என்று பட்டத்தில் இருந்தால் பின்னால் ஆசிரியர் வேலைக்கு "இது சமமான பட்டமா" என்ற கேள்வியே எழாது.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கோவை மட்டும்தான் என்று யார் சொன்னது? நாடுகாணி வழியாக இறங்கினால் கோழிக்கோடு. அங்கே என்.ஐ.டி.யில் இன்ஃபர்மேஷன் செக்யூரிட்டியில் எம்.டெக். இருக்கிறது. கர்நாடகத்தில் சுரத்கல் என்.ஐ.டி.யிலும் உண்டு. ஊட்டியைச் சுற்றிக் கோவை போவதற்குக் கோழிக்கோடு உங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. மலையாளம் பாதிப் பேருக்குப் பழக்கமும்கூட. மைசூரு, பெங்களூரு பக்கம் என்றால் பந்திப்பூர் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். அவசரத்துக்கு வீடு திரும்ப நினைப்பவர்கள் அதை மறக்கக் கூடாது.

மறைந்திருக்கும் செலவுகள்: உதவித்தொகை மாதா மாதம் ஒழுங்காக வராது. முதல் சில மாதங்களுக்குக் கையிருப்பு வேண்டும். ஏப்ரல், மே சீசனில் மலைப்பாதையில் வண்டிகள் ஊர்வதால் வார இறுதியில் வீட்டுக்கு வந்து போவது என்பது பெயருக்குத்தான். தினமும் போய்வரலாம் என்று கோத்தகிரி, குன்னூர்ப் பிள்ளைகள் சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். லேபில் உட்கார வேண்டிய சாயங்காலம் முழுக்க பஸ்ஸில் போய்விடும். முதுநிலையில் அந்தச் சாயங்காலம்தான் படிப்பு.

கேட் மதிப்பெண் வந்துவிட்டவருக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான்: இறங்கிவிடுங்கள். ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் வேலை என்ற எண்ணம் இருப்பவருக்கும் இதுவே வழி. கேட் இல்லாமல், கடன் வாங்கி, பேர் தெரியாத கல்லூரியில் எம்.இ. சேர்வதைத்தான் நான் தடுப்பேன். அந்தப் பணத்துக்கு அடுத்த ஆண்டு கேட் எழுதும் ஒரு வருடம் மலிவு.

## வழி 2: இரண்டாண்டு எம்.சி.ஏ., எம்.எஸ்சி.

பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு இதுதான் நேர் வழி. முன்பு மூன்று வருடமாக இருந்த எம்.சி.ஏ. 2020-21 முதல் இரண்டு வருடமாகிவிட்டது. டான்செட் எழுதிக் கலந்தாய்வில் போனால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள் கிடைக்க வாய்ப்பு உண்டு. கணக்குப் பாடம் பற்றிய தகுதி விதியை மட்டும் முதலிலேயே படித்துவிடுங்கள். பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள் கடைசி நேரத்தில் தடுமாறுவது இங்கேதான்.

பழனி மலைப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984 முதல் இயங்குகிறது, கணினி அறிவியலில் முதுநிலையும் உண்டு. மலையை விட்டு இறங்காமல் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் வழக்கமான பட்டம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. வீட்டில் "வெளியூர் அனுப்ப மாட்டோம்" என்று சொல்லும் குடும்பங்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். பையன்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் வத்தலக்குண்டு வழியாக இறங்கினால் திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம், இன்னும் போனால் மதுரை. காந்திகிராமத்தில் கட்டணம் தனியார் கல்லூரிகளை விடக் குறைவு.

நீலகிரியில் மேலேயே முதுநிலை கிடைக்கிற கல்லூரிகளிலும் சரி, கீழே புதிதாக "எம்.எஸ்சி. சைபர் செக்யூரிட்டி" என்று பலகை மாட்டியிருக்கிற கல்லூரிகளிலும் சரி, தரம் இடத்துக்கு இடம் மாறுகிறது. இங்கே பெயரை நம்பாதீர்கள். நேரில் போங்கள். போய்க் கேட்க வேண்டியவை இவை.

லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாணவருக்கு ரூட் அனுமதி உண்டா, அல்லது நிர்வாகி பாஸ்வேர்ட் லேப் உதவியாளரிடம் மட்டுமா? எல்லா மெஷினும் பூட்டப்பட்ட விண்டோஸ் என்றால் அங்கே ஆப்பரேட்டிங் சிஸ்டம் படிக்க முடியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் லேப் திறந்திருக்குமா? மாணவர் கையால் கேபிள் மாட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு சுவிட்சும் ரவுட்டரும் தனியாக இருக்கிறதா? அப்புறம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேப் நோட்டு ஒன்றை வாங்கிப் புரட்டுங்கள். பத்துப் பயிற்சியும் ஷெல் கட்டளைகள், சி மொழியில் ரவுண்ட் ராபின் கணக்கு, பேங்கர்ஸ் அல்காரிதம் என்று இருந்தால், அது நீங்கள் இளநிலையில் செய்ததேதான். கர்னலைத் தொகுப்பது, சிஸ்டம் கால் (நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) சேர்ப்பது, பேஜ் டேபிளைத் (எந்த நினைவக முகவரி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை) தொடுவது இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். நெட்வொர்க் நோட்டில் சாக்கெட் நிரலோடு நின்றுவிடாமல் பாக்கெட்டைப் பிடித்துப் படிக்கும் பயிற்சி இருக்க வேண்டும். போன வருட ப்ராஜெக்ட் தலைப்புகளையும் கேளுங்கள். பாதிக்கு மேல் ஏதோ ஒரு தரவுத் தொகுப்பை எடுத்து மெஷின் லேர்னிங் ஓட்டித் "தாக்குதல் கண்டறிதல்" என்று தலைப்பு வைத்தவையாக இருந்தால், பாதுகாப்பு அங்கே பெயரில் மட்டும்தான் இருக்கிறது.

கேட்டால் கோபப்படுவார்களோ என்று தயங்க வேண்டாம். நல்ல துறைத்தலைவர் இந்தக் கேள்விகளைக் கேட்டு மகிழ்வார். அந்த முகத்தைப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு: எம்.எஸ்சி., எம்.சி.ஏ. முடித்தவுடன் கலை அறிவியல் கல்லூரியில் ஆசிரியராகலாம் என்று நினைப்பவர்களுக்கு நெட் அல்லது அதன் மாநில அளவிலான செட் தேர்வு அதற்கு மேல் இருக்கிறது. மாஸ்டர்ஸில் பொதுவாக 55 சதவீதமும் வேண்டும். அதோடு, பட்டத்தில் "சைபர் செக்யூரிட்டி" என்று மட்டும் இருந்தால் சில அரசு வேலை அறிவிப்புகளில் கல்வித்தகுதி வரிசையில் உங்கள் பட்டத்தின் பெயரைத் தேட வேண்டியிருக்கும். எம்.சி.ஏ.வுக்கு அந்தத் தொல்லை குறைவு. இரண்டும் ஒரே தரத்தில் கிடைத்தால் நான் எம்.சி.ஏ. பக்கம்தான் சாய்வேன்.

## வழி 3: வீட்டிலிருந்தே தொலைநிலைப் பட்டம்

வேலையில் இருப்பவர்கள், சின்னக் குழந்தை உள்ள அம்மாக்கள், தோட்டத்தையோ வயதான பெற்றோரையோ விட்டு நகர முடியாதவர்கள் கேட்கும் வழி இது. மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் எம்.சி.ஏ. உண்டு. முழுப் படிப்புக்கும் கட்டணம் ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும். ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை. பட்டம் செல்லும். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டத்தை வழக்கமான பட்டத்துக்குச் சமமாகத்தான் யு.ஜி.சி. வைக்கிறது.

ஆனால் பொறியியலில் தொலைநிலை எம்.டெக். என்று யாராவது விற்றால் வாங்கிவிடாதீர்கள். பொறியியல் பட்டத்தைத் தொலைநிலையில் கொடுக்க யு.ஜி.சி. விதி அனுமதிப்பதில்லை. ஐ.ஐ.டி. கான்பூர் நடத்தும் சைபர் செக்யூரிட்டி இ-மாஸ்டர்ஸ் வேறு வகை. வேலையில் இருப்பவர்களுக்காக வைத்தது, கேட் தேவையில்லை, பாடம் கனமானது, கட்டணம் பல லட்சம். அது எம்.டெக். அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் சரி. கம்பெனி கட்டணம் கட்டுகிறது என்றால் தாராளமாகச் சேருங்கள். தேயிலைத் தோட்டப் பட்டாவை அடகு வைத்து அதில் சேர நினைத்தால், வேண்டவே வேண்டாம்.

இந்த வழியின் குறை லேபும் துணையும். பாடத்தை வீடியோவில் பார்க்கலாம். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. சென்னையின் செஸ்டர் ரெபெய்ரோ எடுக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடமும், பாதுகாப்புப் பாடங்களும் இலவசம். பல எம்.எஸ்சி. வகுப்பறைகளில் கிடைப்பதை விட அது மேல். ஆனால் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு உங்கள் ஃபயர்வால் விதி ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்க யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். தனியாகவே முட்டி மோதிக் கற்கும் குணம் உள்ளவர்களுக்கு மட்டும் இது ஒத்து வரும். அது எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மலையில் இருந்து படிப்பவருக்கு வரும் கூடுதல் செலவு: ரவுட்டருக்கு ஒரு மினி யு.பி.எஸ்., வேறு நிறுவனத்தின் ஒரு சிம் எப்போதும் ரீசார்ஜில், தேர்வுக்கு முந்தைய நாளே கீழே இறங்கி அறை எடுக்கும் காசு. ஒதுக்கப்படும் படிப்பு மையம் எங்கே, செய்முறை வகுப்புக்கு எத்தனை நாள் நேரில் வர வேண்டும் என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம், அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்று மழை மாற்றி மாற்றி வரும். நேரில் போக வேண்டிய நாட்கள் உங்கள் ஊர் மழையோடு மோதுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 4: குறுகிய டிப்ளமோ, சான்றிதழ், வேலை

இந்தத் தலைப்புக்கே அளவெடுத்தது போல ஒரு படிப்பு இருக்கிறது: மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் நடத்தும் பி.ஜி. டிப்ளமோ, ஐ.டி. உள்கட்டமைப்பு, சிஸ்டம்ஸ், செக்யூரிட்டி மூன்றையும் சேர்த்தது. சுமார் ஆறு மாதம், 900 மணி நேரம், முழுக்க லேப் சார்ந்தது. நெட்வொர்க், லினக்ஸ் நிர்வாகம், பாதுகாப்பு, கிளவுட் எல்லாம் வரும். சி-கேட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை. கட்டணம் ஒரு லட்சம் சுற்றி. பி.இ., எம்.சி.ஏ., எம்.எஸ்சி. கணினி முடித்தவர்களுக்கானது. பி.சி.ஏ. முடித்த கையோடு போக நினைப்பவர்கள் தகுதி வரியை முதலில் படிக்க வேண்டும். புனே, பெங்களூரு மாதிரி ஊர்களில் ஆறு மாதம் தங்கும் செலவு கட்டணத்தைத் தொட்டுவிடும். ஒன்று நினைவிருக்கட்டும். இது டிப்ளமோதான். நெட் எழுதவோ பிஎச்.டி. சேரவோ உதவாது. வேலைக்கு உதவும், நன்றாகவே உதவும்.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாக. நெட்வொர்க்குக்கு சி.சி.என்.ஏ., லினக்ஸுக்கு ஆர்.எச்.சி.எஸ்.ஏ. இரண்டும் புதியவருக்கு உருப்படியானவை. பின்னதில் ஓடும் சிஸ்டத்தில் வேலை செய்து காட்ட வேண்டும், கொள்குறி வினா கிடையாது. இரண்டும் மூன்று வருடத்தில் காலாவதி ஆகும், திரும்பவும் செலவு. அனுபவசாலிகளுக்கான பாதுகாப்புச் சான்றிதழ் சி.ஐ.எஸ்.எஸ்.பி. ஐந்து வருட அனுபவம் கேட்கும். படிக்கும் பிள்ளைகள் அதன் பக்கம் போகவே வேண்டாம். சிஸ்டத்தை உடைத்துச் சோதிக்கும் திறனுக்கான ஓ.எஸ்.சி.பி. மதிப்புள்ளது, ஆனால் பயிற்சியோடு சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தொடும். தேர்வு கிட்டத்தட்ட 24 மணி நேரம், கேமரா கண்காணிப்போடு. கரண்டும் நெட்டும் ஒரு நாள் முழுக்க நிற்கும் என்று நம் ஊரில் யார் உறுதி சொல்ல முடியும்? அதை எழுத ஒரு நாள் கோவையில் நண்பர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

வேலை என்றால் பெரும்பாலும் முதலில் கிடைப்பது எஸ்.ஓ.சி. எனும் பாதுகாப்பு மையத்தில் கண்காணிப்பு. சைபர் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. 180 நாள் லாக், அதாவது சிஸ்டத்தின் நடவடிக்கைப் பதிவுகளை, வைத்திருக்கவும் சொன்னது. அதனால் இரவும் பகலும் திரையைப் பார்க்க ஆள் தேவை. இரவு ஷிப்ட் இருக்கும், கீழேதான் இருக்க வேண்டும். வீட்டுக்கு உடனே சம்பளம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு இதில் தவறே இல்லை. ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, எதில் ஆழமாகப் போக வேண்டும் என்று தெரிந்த பின் இக்னோ எம்.சி.ஏ. சேர்ந்தவர்கள் நன்றாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கூட்டு வழியை நம் பக்கத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.

## பணம் கட்டும் முன் வீட்டிலேயே ஒரு மாதம்

எந்த வழியாக இருந்தாலும், 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பும் லினக்ஸும் போதும், செலவில்லாமல் உங்களைச் சோதித்துக்கொள்ளலாம். இணையம் ஒரு முறை பதிவிறக்க மட்டும். அப்புறம் மழை நாளிலும் நடக்கும்.

முதலாவது எக்ஸ்வி6. எம்.ஐ.டி.யில் பாடத்துக்காக எழுதிய சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதில் உங்கள் சொந்தமாக ஒரு சிஸ்டம் கால் சேருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ்களின் எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுத்தால் போதும். அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். கர்னலின் அட்டவணையில் சேர்க்க வேண்டும். வேலையைச் செய்யும் ஃபங்ஷனை எழுத வேண்டும். பயனர் பக்கத்தில் பெயரை அறிவிக்க வேண்டும். நாலைந்து கோப்பில் சில வரிகள்தான். அடுத்து அந்த எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுக்காமல், பயனர் தரும் முகவரியில் எழுதிப் பாருங்கள். அப்போதுதான் கர்னல் அந்த முகவரியை நம்பி நேரே எழுதாமல், 'காப்பிஅவுட்' வழியாக பேஜ் டேபிளைச் சரிபார்த்து எழுதுவது ஏன் என்று புரியும். பயனர் கொடுப்பதை நம்பாதே என்ற பாதுகாப்புப் பாடத்தின் முதல் விதி அங்கே வெறும் சொல்லாக இல்லாமல் நிரலாக இருக்கிறது.

இரண்டாவது, லினக்ஸின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ். ஒரே லேப்டாப்புக்குள் மூன்று கணினி இருப்பது போலச் செய்து, நடுவில் ஒன்றை ரவுட்டராக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு பிங் போகவையுங்கள். அடுத்து அதே முனைகளுக்கு நடுவே ஒரு டி.சி.பி. இணைப்பைத் திறந்து, போகிற பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டி.சி.பி.டம்ப்பில் பாருங்கள். இணைப்பு தொடங்கும்போது சின், சின்-அக், அக் என்று மூன்று பாக்கெட் வரிசையாக வரும். நடுவில் வேண்டுமென்றே 300 மில்லிவிநாடி தாமதம் சேர்த்து, என்ன மாறுகிறது என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பயிற்சி என்று பக்கத்து ரிசார்ட் வைஃபையையோ எஸ்டேட் ஆபீஸ் நெட்வொர்க்கையோ தொடாதீர்கள். அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் குற்றம், மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஒரு வழக்கு வந்தால் இந்தத் துறையில் வேலை கிடைப்பது முடிந்துபோகும்.

அந்த ஒரு மாதத்தில் இரவு நேரம் போனதே தெரியவில்லை என்றால், முதல் இரண்டு வழிகளில் ஒன்றுக்குத் துணிந்து முயலுங்கள். பாதியில் சலித்து, "ஹேக்கிங் எப்போ வரும்" என்று தோன்றினால் இரண்டு வருட முதுநிலைக்குப் பணம் கட்டாதீர்கள். நாலாவது வழியில் ஆறு மாதம் செலவிட்டுப் பார்ப்பது நல்லது.

தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட் விண்ணப்பம் கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே, ஆகஸ்ட், செப்டம்பரில் வந்துவிடும், தேர்வு பிப்ரவரியில். டான்செட், சீட்டா அதற்குப் பின்னால். மூன்றுக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிட்டு முடிவை ஜூனில் எடுக்கலாம். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றையும் இ-சேவை மையத்தில் மார்ச்சுக்குள் எடுத்து வையுங்கள். சீசன் தொடங்கிய பின் தாலுகா ஆபீசுக்குப் போய்வர ஒரு முழு நாள் போய்விடும்.